மூன்று விஷயம் தவிர

என் தொழிலைச் செய்கிறவளுக்கு ஊர் பெரிதாக இருக்க வேண்டும். புத்தளத்துப் பக்கத்தில் உள்ள எங்கள் தில்லையடி அப்படிப் பெரிய ஊர் இல்லை. காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால் மூன்று பேர் என் உடுப்பைப் பற்றியும் இரண்டு பேர் உம்மாவின் முழங்காலைப் பற்றியும் விசாரித்துவிடுவார்கள். நான் உளவளத்துணையாளர். ஆட்கள் ஒரு மூடிய அறைக்குள் வந்து, வெளியே யாரிடமும் சொல்ல முடியாததை என்னிடம் சொல்கிறார்கள். பிறகு அதே ஆட்களை நான் மீன் சந்தையிலும் கலியாண வீட்டிலும் பஸ்ஸிலும் பார்க்கிறேன். பார்க்காதவள் மாதிரி இருக்க வேண்டும். பதினொரு வருடமாக இருந்து பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

ராத்தாவுக்கு, அதுதான் என் அக்காவுக்கு, என் தொழில் மேல் தீராத கோபம். நான் பிரதேச செயலகக் கந்தோரிலிருந்து வந்ததும் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே இன்றைக்கு என்ன கதை என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். நாள் முழுக்க ஊர்க் கதையைக் கேட்டுவிட்டு வந்து ஒன்றுமில்லை என்று சொல்கிறவளோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது என்று உம்மாவிடம் முறையிடுவாள். தையல் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாலாவது நாலு கதை கொண்டு வந்திருப்பேனாம்.

போரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது எனக்கு நான்கு வயது. வளர்ந்தது முகாமில். தென்னங்கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்களுடைய சண்டை எங்களுக்குக் கேட்கும், எங்களுடையது அவர்களுக்குக் கேட்கும். காலையில் கிணற்றடியில் இரண்டு பக்கமும் ஒன்றும் கேட்காத முகத்தோடு தண்ணீர் அள்ளுவோம். இந்தத் தொழிலுக்கு நான் எடுத்த முதல் பயிற்சி அதுதான் என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பூட்டுப் போடக்கூடிய ஓர் அறை மேல் எனக்கு வெறியே இருந்தது.

கந்தோரில் எனக்குத் தந்த அறையின் சுவரோ கூரை வரை போகாது. அடுத்த பக்கம் காணிப் பிரிவு. ஆகவே மின்விசிறியை எந்நேரமும் முழு வேகத்தில் விட்டிருப்பேன். அது கடகடவென்று அடிக்கிற சத்தத்தில் முன்னால் இருப்பவர் சொல்வதே எனக்குச் சிரமப்பட்டுத்தான் கேட்கும். வருகிறவரின் முதுகு யன்னல் பக்கம் இருக்கும்படி கதிரையைப் போட்டிருந்தேன். கோப்புகளில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். அலுமாரிப் பூட்டின் திறப்பு என் கைப்பையை விட்டு இறங்காது. இந்த அலுமாரிக்குள் தங்கமா இருக்கிறது என்று பியூன் ஒருமுறை கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன், சொல்லி இரண்டு நாள் திருடன் வருவானோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

புதிதாக வருகிறவரிடம் முதலில் ஒரு பேச்சுச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது இந்த அறையை விட்டு வெளியே போகாது, மூன்று விஷயம் தவிர. உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்தால், இன்னொருவருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால், நீதிமன்றம் கட்டளையிட்டுக் கேட்டால். சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போய், பாலாவி மதுரங்குளி முந்தல் சிலாபம் என்று கண்டக்டர் கத்துகிற வேகத்தில் அதைச் சொல்லி முடித்துவிடுவேன். கேட்கிறவர் தலையாட்டுவார். கையெழுத்து வாங்குவேன்.

அதோடு இன்னொரு வரியும் உண்டு. வெளியில் கண்டால் நான் முதலில் ஸலாம் சொல்லமாட்டேன், குறை நினைக்க வேண்டாம், நீங்கள் சொன்னால் பதில் சொல்வேன். கொழும்பில் எங்களுக்குப் பயிற்சி தந்த அம்மையார் படிப்பித்த முறை அது. தெரிந்தவராகக் காட்டிக்கொள்வதா இல்லையா என்று முடிவெடுக்கிற உரிமை வருகிறவருடையது, நம்முடையது இல்லை. நல்ல முறைதான். ஆனால் பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்காமலே லிஃப்டில் பத்து மாடி போகக்கூடிய ஆட்களுக்காகச் செய்த முறை.

அவள் முதல் தடவை வந்தபோது அவளுடைய பிள்ளைக்கு மூன்று மாதம். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எலுவன்குளத்துப் பெண், கலியாணம் முடித்து எங்கள் பக்கம் வந்தவள். கணவன் கட்டாரில். மாமியாரோடும் கணவனின் தங்கையோடும் இருந்தாள். பிள்ளைகளின் நிறை பார்க்கிற கிளினிக் எங்கள் கந்தோருக்குப் பின்பக்கம். அங்கே வந்த இடத்தில், இவள் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று மிட்வைஃப் கவனித்து என்னிடம் அனுப்பியிருந்தார். அதன் பிறகு புதன்கிழமைகளில் கிளினிக்குக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். அது பொய்யும் இல்லை.

முதல் நாள் அழுதாள். இரண்டாம் தடவை ஒரு விஷயம் சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லாத ஒரு பகல். பிள்ளை விடியலிலிருந்து அழுதுகொண்டே இருந்தது. இவள் அதைப் பாயில் தலையணைகளுக்கு நடுவே கிடத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உப்புநீர்க் களப்பின் கரைக்கு நடந்து போய்விட்டாள். தோணிகளை இழுத்துப் போட்டிருந்த இடத்தில் சும்மா நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அரை மணித்தியாலம் இருக்கலாம் என்றாள். அவள் வீட்டுக்குப் போனபோது பிள்ளை அழுது களைத்துத் தூங்கியிருந்தது.

"மாமி அறிஞ்சா புள்ளயப் பறிச்சிருவாங்க மிஸ்," என்றாள்.

அது வெறும் பயம் இல்லை. கணவனின் தங்கைக்குப் பிள்ளை இல்லை. குளிப்பாட்டுவது, தூக்கி வைத்திருப்பது எல்லாம் ஏற்கனவே அவள்தான். தாய்க்குப் புத்தி சரியில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் குடும்ப வழக்குப் பார்க்கிற காதி நீதிமன்றம் வரை போவதற்கு அந்த வீட்டில் ஆள் இருந்தது. இவளுக்கு அந்த ஊரில் சொந்தம் என்று சொல்ல இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இது நான் சொன்ன மூன்றில் ஒன்றா? பிள்ளைக்கு ஆபத்து என்பது இதுதானா? சொன்னால் இவளுக்குப் பிள்ளை போய்விடும், சொல்லாமல் விட்டுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? என்னை மேற்பார்வை செய்கிற வைத்தியரிடம் பெயரும் ஊரும் சொல்லாமல் கேட்டேன். உடனடி ஆபத்து இல்லை, ஆனால் கண் இருக்கட்டும் என்றார். அவளுடைய சம்மதத்தோடு, கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கும்படி மிட்வைஃபிடம் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று சொல்லவில்லை. பிள்ளையின் நிறை கொஞ்சம் குறைவாக இருந்தது, காரணத்துக்கு அதுவே போதும். மாதங்கள் போகப் போக அவள் தேறிக்கொண்டு வந்தாள். ஒரு புதன்கிழமை, பிள்ளை தன்னைக் கண்டால் கையைக் காலை அடித்துச் சிரிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். நானும் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்புக்கு ஆயுள் நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்தில் ஒரு மௌத்து, வயதான ஒருவர் இறந்திருந்தார். ராத்தாவும் நானும் போனோம். பெண்கள் இருந்த உள் அறையில் சுவரோரமாகக் கதிரைகளில் பத்துப் பதினைந்து பேர். மையத்து வீட்டில் நம் வழக்கம் ஒன்றுதான். நுழைகிறவள் ஸலாம் சொல்லி, வாசலில் தொடங்கி ஒவ்வொருவருக்காகக் கை கொடுத்துக்கொண்டே கடைசி வரை போக வேண்டும். தெரிந்தவர் தெரியாதவர் என்றெல்லாம் அதில் இல்லை. நானும் கொடுத்துக்கொண்டே போனேன். ஏழாவதோ எட்டாவதோ கதிரையில் அவள் இருந்தாள். மடியில் பிள்ளை. அடுத்த கதிரையில் மாமியார்.

என் கை நின்றது. முதலில் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளாதே. அவளும் நான் சொன்னதை மனதில் வைத்திருந்தவள், தலையைக் குனிந்து பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். நான் அவளைத் தாண்டி மாமியாருக்குக் கை கொடுத்தேன். அதற்கு அடுத்தவளுக்குக் கொடுத்தேன். கடைசி வரை கொடுத்து முடித்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அறையில் இருந்தவர்களின் கண் ஒரு தடவை அவளிடம் போய், என்னிடம் வந்து, திரும்ப அவளிடம் போனது. தெரியாதவள் என்றால் கை கொடுத்திருப்பேன். அறை முழுக்கக் கொடுத்தவள் ஒருத்திக்கு மட்டும் கொடுக்கவில்லை என்றால் எங்களுக்குள் ஏதோ இருக்கிறது.

மறைக்கப் போய் நானே விரலை நீட்டிக் காட்டிவிட்டேன். எழும்பிப் போய் இப்போதாவது கை கொடுக்கலாமா என்று யோசித்தேன். அது இன்னும் மோசம். யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள், ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. கொழும்பு அம்மையார் மேல் ஆத்திரம் வந்தது. பிறகு, நாலு வருடமாக இந்த ஊரில் வேலை செய்துகொண்டு ஒரு மையத்து வீட்டைக் கூட நினைத்துப் பார்க்காமல் விதி சொல்லித் திரிந்த என் மேல் வந்தது.

திரும்பும் வழியில் ராத்தா, அந்தப் பிள்ளையோடு உனக்கு என்ன கோபம் என்று கேட்டாள். கோபம் இல்லை என்றேன். கோபம் இல்லாமல் மையத்து வீட்டில் மனிதர் கை கொடுக்காமல் விடுவார்களா என்றாள். நான் சீறி விழுந்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கதை கேட்டு நச்சரிக்காத அந்த இரண்டு நாளும் வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது.

திங்கட்கிழமை காலை மாமியார் கந்தோருக்கு வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். உப்பளத்தில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், குதிகால் இரண்டும் வெடித்திருந்தன. உள்ளே வந்து, யன்னலுக்கு முதுகு காட்டிய அந்தக் கதிரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஒங்களுக்கும் எண்ட மருமகளுக்கும் என்ன கோவம்?"

கோபம் ஒன்றும் இல்லை என்றேன். இல்லையென்றால் ஏன் கை கொடுக்கவில்லை என்று கேட்டார். அவளை எனக்குத் தெரியாது என்ற சொல் வாய் வரை வந்தது. அது பொய். அவள் இங்கே வருகிறாள் என்று சொன்னால் துரோகம். பயிற்சியில் இதற்கும் ஒரு வாசகம் கொடுத்திருந்தார்கள். அதை எங்கள் பேச்சுக்கு மாற்றிச் சொன்னேன்.

"இஞ்ச ஆர் வந்தாங்க, ஆர் வரல்ல எண்டு நான் ஆருக்கும் சொல்ற இல்ல."

"அப்ப வந்திரிக்கா," என்றார். எழுந்து போய்விட்டார்.

நம் ஊரில் இல்லை என்று சொல்லாதது எல்லாம் ஓம். அந்த வாசகத்தை எழுதியவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னேன். அவளுக்குத் தொலைபேசி எடுத்து எச்சரிக்கலாமா என்று நினைத்தேன். தொலைபேசி மாமியாரின் கையில் இருந்தால் என்ன செய்வது? புதன்கிழமை வரை பொறுத்திருப்பதைத் தவிர வழி இல்லை.

புதன்கிழமை வந்தாள். தனியாக இல்லை. மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, என் அறைக்கு வெளியே நீள வாங்கில் உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்தினேன். அவள் கதிரையில் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தன்னை ஒரு நிமிடமும் தனியே விடுகிறார்கள் இல்லை என்றாள். குசினிக்குப் போனால் பின்னால் வருகிறார்கள், குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள், இங்கே வருவதைக் கணவனுக்கும் சொல்லியாகிவிட்டது. பிள்ளையைத் தங்கச்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று அவன் சொன்னானாம். பிறகு உட்கார்ந்தாள். அழவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் போய்ட்டா எல்லாருக்கும் லேசு மிஸ். புள்ளய அவங்க நல்லா வெச்சிக்குவாங்க."

இப்படிப்பட்ட இடத்தில் சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது. சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்டேன். ஓம் என்றாள். எப்போது, எப்படி என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தாள். அதை இங்கே எழுதமாட்டேன்.

இதை என்னோடு மட்டும் வைத்திருக்க முடியாது என்று அவளிடம் சொன்னேன். முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஆருக்கும் சொல்ற இல்ல எண்டு சொன்னீங்க."

"மூணு விஷயம் தவிர எண்டும் சொன்னன்."

"எனக்கு அது கேக்கல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. பாலாவி மதுரங்குளி என்று நான் அடுக்கிக்கொண்டு போனபோது, மூன்று மாதமாகத் தூங்காத ஒரு பெண்ணுக்கு அதில் என்ன கேட்டிருக்கும்? கேட்டது முதல் பாதி மட்டும்தான். அதை நம்பித்தான் களப்புக் கரையை என்னிடம் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவமானப்பட்டுக்கொண்டு இருக்க நேரம் இல்லை, கதவுக்கு வெளியே மாமியாரின் இருமல் கேட்டது.

ஒரு தாளை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று எழுதுவோம், எழுதாத ஒன்றையும் நான் சொல்லமாட்டேன் என்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக, அவள் தலையாட்டும் வரை நின்று நின்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம், அவள் சாக நினைப்பதை முழுதாகச் சொல்ல வேண்டும். எலுவன்குளத்தில் உள்ள அவளுடைய உம்மாவிடம், மகளுக்குச் சுகமில்லை, இன்றைக்கே வாருங்கள் என்று மட்டும். ஆனால் அங்கிருந்து வண்ணாத்திவில்லு வந்து பஸ் ஏறிப் புத்தளம் வர அரை நாள் போகும். அதுவரை அவளைத் தனியே விடக் கூடாது. பக்கத்தில் இருக்கக்கூடிய ஆள் ஒருவர்தான், அவர் வாங்கில் இருந்தார்.

மாமிக்கு வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள். களப்புக் கரையைப் பற்றி ஒரு சொல்லும் வராது, நீங்கள் ஏன் இங்கே வருகிறீர்கள் என்பதும் வராது, ஒரேயொரு வசனம் மட்டும் என்றேன். எழுதிக் காட்டினேன். அவளுக்கு மனம் சரியில்லை, இன்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தனியே விட வேண்டாம். அவள் பேனாவை வாங்கி 'மனம் சரியில்லை' என்பதை வெட்டிவிட்டு 'சுகமில்லை' என்று எழுதினாள். அதை எழுதிய பிறகுதான் அழுதாள்.

கதவைத் திறந்து மாமியாரை உள்ளே கூப்பிட்டு, அவள் முன்னாலேயே, எழுதியதை எழுதியபடி சொன்னேன். என்ன சுகமில்லை என்று கேட்பார், நான் சொல்லமாட்டேன், சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மருமகளைப் பார்த்தார்.

"எனக்கு ஏதோ வெளங்கிச்சி மிஸ். அதான் மையத்து வீட்டுக்குப் பொறகு நான் இவளத் தனிய விடல்ல."

இந்த வசனம் இன்றைக்கும் என்னை விடுகிறது இல்லை. நான் கை கொடுக்காமல் விட்டதால்தான் அவர் சந்தேகப்பட்டார். சந்தேகப்பட்டதால்தான் நிழலாகப் பின்தொடர்ந்தார். அந்த நிழல்தான் அவளை விளிம்பு வரை தள்ளியது, அதே நிழல்தான் மூன்று நாள் அவளை உயிரோடு வைத்திருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஏலாது. பிழை செய்தேன் என்பது மட்டும் நிச்சயம். அந்தப் பிழை எதில் போய் முடிந்தது என்பதுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உம்மா பின்னேரம் வந்து சேர்ந்தார். நான் சொன்னது ஒரு வசனம். அஸர் தொழுகைக்குள் அது தெரு முழுக்கப் பத்து வசனம் ஆகிவிட்டது. ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள், யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மாமியார் நல்லவர்தான், ஆனால் வாய் ஒரு மூடி இல்லாத பாத்திரம். அவரிடம் ஒரு வசனத்துக்கு மேல் கொடுக்காமல் விட்டேனே என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

மூன்றாம் நாள் கணவன் கட்டாரிலிருந்து கந்தோர்த் தொலைபேசிக்கு எடுத்தான். பிள்ளையைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று கேட்டான். தகப்பன் என்ற முறையில் தனக்கு அறிய உரிமை இருக்கிறது என்றான். சொல்ல முடியாது என்றேன். சொல்லாவிட்டால் காதியிடம் போய்க் கடிதம் எடுப்பேன் என்றான். குரலில் மிரட்டலை விடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. ஆனாலும் நான் சொன்ன மூன்றாவது விஷயத்தை அவன் கையில் எடுத்துவிட்டான். நீதிமன்றத்திலிருந்து கட்டளை வந்தால் அந்தக் கோப்பு போக வேண்டியதுதான். அதற்குள் ஒரு தாள் இருந்தது. இரண்டாம் தடவை அவள் சொன்னதை அவள் முன்னாலேயே நான் என் கையால் எழுதிய தாள்.

அதன் பிறகு எத்தனையோ மாதம் காலையில் வருகிற தபாலை நான்தான் முதலில் பார்ப்பேன். அரசாங்கச் சின்னம் போட்ட நீள உறை கண்டால் வேறெதையும் தொடாமல் அதைத்தான் முதலில் உடைப்பேன். காணி அளவை, கூட்ட அறிவித்தல், சம்பள உயர்வு, எதுவாக இருந்தாலும் உடைக்கும் வரை அது அவளுடைய பிள்ளையைப் பறிக்க வந்த கடிதம்தான். கடைசி வரை அப்படி ஒன்று வரவில்லை. அவள் தேறி, பிள்ளையோடு எலுவன்குளத்துக்குப் போய்விட்டதாக மிட்வைஃப் சொன்னார். கணவன் லீவில் வந்தான், பிறகு திரும்பிப் போகவில்லை, மூன்று பேரும் சிலாபம் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்பதும் காதுக்கு வந்தது. என்ன பேசிச் சமாதானமானார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. என்னிடம் அவள் திரும்ப வரவில்லை. அது வலித்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

போன வருடம் ஒரு கடிதம் வந்தது. சிலாபம் பக்கத்தில் உள்ள சிங்கள உளவளத்துணையாளர் ஒருவர், அவளுடைய பழைய விபரங்களைக் கேட்டிருந்தார். இவளுக்குச் சிங்களம் அரைகுறைதான். தெரியாத மொழியில் தட்டுத் தடுமாறிச் சொன்னாலும் பரவாயில்லை, தன்னைத் தெரியாத ஆளிடம் சொல்வோம் என்று தேடிப் போயிருக்கிறாள். கடிதத்தோடு அவளுடைய சம்மதமும் இருந்தது, தமிழில், அவள் கையெழுத்தில். மருந்து விபரம் கொடுக்கலாம். ஆஸ்பத்திரித் திகதி கொடுக்கலாம். களப்புக் கரைக்குப் போனதை எழுதிய தாளைக் கொடுக்க வேண்டாம், கிழித்துவிடுங்கள். மகள் இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள், அந்தத் தாள் ஒருநாள் அவள் கையில் போகக் கூடாது.

அந்த வாரம்தான் எனக்கு இடமாற்றக் கடிதமும் வந்திருந்தது. அலுமாரித் திறப்பை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் எப்படிப்பட்டவரோ, யாருடைய உறவோ. கந்தோர்க் கோப்பில் உள்ள தாளைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. தாளைக் கையில் எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். கடைசியில் அவளுக்கு உண்மையையே எழுதினேன். கிழிக்க முடியாது. ஆனால் அதை வாசிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, நான் போவதற்கு முன் வாருங்கள்.

வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். மகள் பாடசாலைக்குப் போயிருக்கிறாள் என்றாள். இதை ஒருநாள் எழுத நினைக்கிறேன் என்று சொல்லி அனுமதி கேட்டேன். பெயரும் தெருவும் இல்லாமல் எழுதுங்கள் என்றாள். பிறகு தாளைக் கொடுத்தேன். நாலு வரி. 'பிள்ளையைத் தனியே வீட்டில் விட்டுவிட்டு வெளியேறிச் சென்றுள்ளார். சுமார் அரை மணித்தியாலம். ஆபத்து நடுத்தரம். தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.' அவள் அதை வாசித்தாள். இரண்டாம் தடவை விரலை வைத்து வாசித்தாள். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன், தடுக்கவும் மாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"நான் போனத எழுதிரிக்கீங்க மிஸ்," என்றாள். "திரும்பி வந்தத எழுதல்ல."

தாளை வாங்கிப் பார்த்தேன். எழுதவில்லை. இத்தனை வருடமாகப் பூட்டி, திறப்பைக் கைப்பையில் வைத்துக் காத்த தாளில், ஒரு தாய் பிள்ளையை விட்டுப் போனது மட்டும்தான் இருந்தது. பேனாவை அவளிடம் நீட்டினேன். என் நாலு வரிக்குக் கீழே அவள் எழுதினாள்: நான் திரும்பி வந்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள், அன்றைய திகதியையும் போட்டாள். தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இனிக் கிழிக்க வேணாம்," என்றாள். "மகள் வாசிச்சா வாசிக்கட்டும்."